நோயில்லாத வீட்டுப் படி

"பெருமாயியை ஊரைவிட்டு அனுப்பச் சொல்லிவிட்டேன், அம்மா. தப்பா?" என்றார் ஆதிமூலம் வைத்தியர்.

நாச்சியம்மை மலையடி மடத்து வாசலில் வேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். வயதில் அவரைவிட இளையவள். வைத்தியர் அவளிடம் சிஷ்யராக வந்தது தலை நரைத்த பிறகுதான்.

"யார் பெருமாயி?"

"கூழ் விற்கிறவள். ஊரில் பேதி. படுத்தவர்களை எல்லாம் நானே போய்க் கேட்டேன். அத்தனை பேரும் அவள் கூழைக் குடித்திருக்கிறார்கள். ஒருத்தர் பாக்கியில்லை. பொழுது சாய்வதற்குள் அவள் குடிசையைப் பிரித்துவிடுவார்கள்."

"படுத்தவர்களுக்கெல்லாம் மூக்கு இருந்ததா?"

"இருந்தது."

"ஒருத்தர் பாக்கியில்லாமல்?"

"ஆமாம்."

"அப்படியானால் பேதி மூக்கால் வந்தது."

வைத்தியருக்குச் சுருக்கென்றது. "மூக்கு எல்லோருக்கும்தான் இருக்கிறது, அம்மா."

"கூழ்?"

"படுத்தவர்கள் எல்லோரும் குடித்திருக்கிறார்களே," என்றார் வைத்தியர்.

"படுக்காதவர்களைக் கேட்டீரா?"

"அந்த வீடுகளில் நான் எப்படிப் படியேறுவது? நோயில்லாத வீட்டில் வைத்தியன் கால் வைத்தால் பின்னாலேயே நோய் வரும் என்பார்கள். என் அப்பாகூடப் போனதில்லை."

அவள் கையை நீட்டினாள்.

புரியச் சற்று நேரமாயிற்று. தோளில் கிடந்த மருந்துப் பையைக் கழற்றிக் கொடுத்தார். "இப்போது நீர் வைத்தியர் இல்லை," என்று அவள் அதைத் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பையில்லாத தோளோடு ஊருக்குள் நடப்பது வேட்டியில்லாமல் நடப்பதுபோல் இருந்தது.

"வைத்தியரே, அங்கேயே நில்லும்!" முதல் வீட்டுக்காரி கத்தினாள். "இங்க யாரும் சாகக் கிடக்கலை."

"ஒரே கேள்விதான் தாயி. பெருமாயி கூழு குடிச்சியா?"

"குடிக்காம? அதை ஊத்திக்கிட்டுத்தானே வயலுக்கு இறங்குறோம். கேட்டாச்சில்ல, கிளம்பும்."

அடுத்த வீட்டில் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. இன்னொரு வீட்டில் அவர் நின்ற இடத்தில் சாணித் தண்ணீர் தெளித்துவிட்டுச் சொன்னார்கள். எங்கும் அதே பதில்தான். தாகத்துக்கு ஒரு வாய் தண்ணீர் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது குடிசையின் கீற்றுகள் பாதி உருவப்பட்டிருந்தன. கூரையில் ஏறியிருந்தவர்களை இறங்கச் சொன்னார். பெருமாயி பானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மடத்துக்குத் திரும்பும்போது நடை லேசாக இருந்தது.

"அவள் இல்லை, அம்மா. படுக்காதவர்களும் குடித்திருக்கிறார்கள்."

நாச்சியம்மை பையை எடுத்து நீட்டினாள்.

"ஆனால் ஆளைப் பிடித்துவிட்டேன்," என்றார் வைத்தியர். "குடிசை வாசலில் நிற்கும்போதே பொறி தட்டியது. நேற்று நோயாளி வீடுகளில் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் பாசி வாடை. எல்லாம் சடையன் வண்டியில் கொண்டுவந்து ஊற்றுகிற தண்ணீர். ஒரு வீடு பாக்கியில்லை. கூரையிலிருந்து இறங்கியவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்."

"அவர்கள் எங்கே?"

"சடையன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்."

நாச்சியம்மை நீட்டிய பையை மறுபடியும் தனக்குப் பின்னால் வைத்தாள்.

பிறகு விரலால் தன் மூக்கைத் தொட்டாள்.

வைத்தியர் ஓடினார்.

சடையன் வீட்டுக்குப் போகிற வழியில் அந்த முதல் வீட்டுக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள். "மறுபடியுமா?" என்று கதவை இழுத்தாள்.

வைத்தியர் படியேறிக் கதவிடுக்கில் காலை வைத்தார்.

"தண்ணி," என்றார் மூச்சிரைக்க. "எனக்குக் குடிக்க வேணாம் தாயி. உங்க வீட்டுக்கு யாரு ஊத்துறா?"