தில்லை விறகும் வாயடைத்த களிமண்ணும்

அந்தக் காலத்தில் மரங்களுக்குப் பேச்சு இருந்தது. உப்பங்கழிக் கரையில் கோடரியோடு யார் போய் நின்றாலும், அங்குள்ள மரம் தன் பெயரைச் சொல்லும். கண்டல் மரம், என்னை மூன்று மாதம் வெயிலில் போட்டுக் காயவைத்தால் நின்று எரிவேன் என்று சொல்லும். தில்லை மரம், என் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும், விட்டுவிடு என்று சொல்லும். வெட்டிய பிறகும் ஈரம் வற்றும்வரை விறகு பேசிக்கொண்டிருக்கும். பேச்சு அடங்கினால் காய்ந்துவிட்டது என்று பொருள். அதனால் பட்டையைப் பார்த்து மரத்தை அறிய யாருக்கும் தேவை வரவில்லை.

அந்தக் கரையில் சடையன் என்பவன் விறகு வெட்டிக் கொடுத்து, பதிலுக்கு நெல்லும் மீனும் வாங்கிப் பிழைத்தான். கண்டலை வெட்ட இடுப்பளவு சேற்றில் இறங்க வேண்டும். தில்லையோ மேட்டில் நின்றது. ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அவன் சேற்றில் இறங்கச் சலித்துக்கொண்டு தில்லையை வெட்டினான். அது கத்தியது. காய்ந்ததுபோல் தெரிய அவன் அதன் பட்டையை உரித்தான். ஒவ்வொரு துண்டின் இரண்டு முனைகளிலும் களிமண்ணை அப்பி, அதன் வாயை அடைத்தான். அந்த விறகைக் கட்டாகக் கட்டி, காய்ந்த கண்டல் என்று சொல்லி, தன் அக்கா நாச்சியம்மாளின் வீட்டில் இறக்கினான்.

நாச்சியம்மாளின் மருமகள் வெள்ளச்சி பிள்ளை பெற்று ஐந்தாம் நாள். வெந்நீருக்கு விறகு வேண்டும். நாச்சியம்மாள் ஒரு துண்டைத் தூக்கினாள். கை தாழ்ந்தது. காய்ந்த விறகு இவ்வளவு கனக்குமா என்று கேட்டாள். உப்புத் தண்ணீரில் வளர்ந்த மரம் அப்படித்தான் இருக்கும் என்றான் சடையன். முனையில் எதற்கு மண் என்று கேட்டாள். படகில் ஒட்டியது என்றான். எல்லாத் துண்டிலும், இரண்டு முனையிலும், ஒரே அளவாகவா ஒட்டும்? அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

"தம்பி, என் முகத்தைப் பார்த்துச் சொல். இது கண்டல்தானா?"

"உனக்கு நான் பொய் சொல்வேனா, அக்கா?" என்றான் அவன். ஆனால் அவன் உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

அதை அவள் கவனித்தாள். கூடப் பிறந்தவனை எப்படிச் சந்தேகப்படுவது என்று வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, வெள்ளச்சியே அடுப்பை மூட்டினாள். விறகு எரியவில்லை. குனிந்து ஊதினாள். வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. நாச்சியம்மாள் திரும்பி வந்தபோது வெள்ளச்சி கண்களைப் பொத்திக்கொண்டு, பிள்ளை எங்கே இருக்கிறது என்று தரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

நாச்சியம்மாள் மீதி விறகிலிருந்து ஒரு துண்டை எடுத்து, முனையிலிருந்த மண்ணைச் சுரண்டினாள். வெள்ளைப் பால் கசிந்தது.

"நான் தில்லை," என்றது விறகு. "சொல்ல விடவில்லை."

அவள் அந்தத் துண்டோடு கழிக்கரைக் காட்டுக்குப் போனாள். சடையன் மீண்டும் தில்லையடியில் நின்றிருந்தான். அவள் அவனைத் திட்டவில்லை. துண்டை அவன் காலடியில் போட்டு, வெள்ளச்சிக்குக் கண் தெரியவில்லை என்று மட்டும் சொன்னாள். அவன் கோடரியைக் கீழே வைத்தான்.

தில்லை கடைசியாக ஒரு முறை பேசியது: "உண்மையைச் சொல்லும் வாயை அடைத்தீர்கள். இனி நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்."

காடு முழுவதும் அடங்கிப் போயிற்று. சடையன் ஒவ்வொரு மரமாகப் போய்க் கெஞ்சினான். ஒன்றும் பதில் சொல்லவில்லை.

வெள்ளச்சிக்குப் பார்வை திரும்ப நாற்பது நாள் ஆயிற்று. பிறகு சடையன் சேற்றில் இறங்கிக் கண்டல் வெட்டி, மூன்று மாதம் காயவைத்துக் கொண்டுவந்தான். நாச்சியம்மாள் உடனே வாங்கவில்லை. பட்டை கழன்றிருக்கிறதா, முனை வெடித்திருக்கிறதா என்று பார்த்தாள். கையில் தூக்கிக் கனம் பார்த்தாள். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினாள். கணீரென்று கேட்ட பிறகே உள்ளே எடுத்தாள். சடையன் தலை குனிந்து நின்றான்.

அன்று முதல்தான், கொண்டுவந்தவர் கூடப் பிறந்தவரே ஆனாலும், விறகைத் தட்டிப் பார்க்காமல் யாரும் வீட்டுக்குள் எடுப்பதில்லை.