கடிபட்ட விரல்

"கத்தி வைக்காம எப்படி மேடம் சீழ் போகும்?"

கேட்டவர் தனபாலன். ஆபரேஷனில் கைதேர்ந்தவர். குழந்தை வைத்தியம் படிக்கவென்று, தன்னைவிட வயதில் சின்னவரான கமருன்னிசா டாக்டரிடம் வந்து சேர்ந்திருந்தார்.

கட்டிலில் ரோஸ்லின் கிடந்தாள். ஆறு வயசு. டைபாய்டு காய்ச்சல் முற்றி, மண்ணீரலுக்குள் சின்னச் சின்னதாய்ச் சீழ்க்கட்டிகள்.

கண் திறந்துதான் இருந்தது. பார்வை எங்கேயோ இருந்தது.

"மண்ணீரலையே எடுத்துட்டா?" என்றார் கமருன்னிசா.

"சீழும் சேர்ந்து போயிரும்."

"நாளைக்கு வேற கிருமி வந்தா, இவ உடம்புக்குள்ள சண்டை போட யாரு இருப்பா?"

தனபாலன் குனிந்து ரோஸ்லினின் வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"கட்டியெல்லாம் சின்னது. ஊசி மருந்து ஏத்துவோம். உடையிற மாதிரி தெரிஞ்சா, அந்த நிமிஷமே உங்க கத்திதான்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

கமருன்னிசா ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் அவர் கையில் கொடுத்தார்.

"கஞ்சி ஊட்டுங்க."

"நானா?"

"கை சும்மா இருந்தா கத்தியைத் தேடும்."

தனபாலன் ஊட்டினார். பாதி கழுத்தில் வழிந்தது.

"ஆபரேஷன் பண்ற கையா சார் இது?" என்றாள் ரோஸ்லினின் அம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரோஸ்லின் கொடுத்ததை விழுங்கினாள். அழவில்லை. வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை.

அம்மாவுக்கு அதுதான் பயம்.

"இவ இப்படி இருக்கிற பிள்ளையே இல்ல சார். ஒரு வாய்ச் சோத்துக்குத் தெருவையே சுத்த விடுவா."

காய்ச்சல் லேசில் விடவில்லை. தனபாலன் மறுபடி போய் நின்றார்.

"இன்னும் காத்திருக்கணுமா மேடம்?"

"கஞ்சி ஆறுது, போங்க."

போனார். ஊட்டினார். மருந்தும் ஏறிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் காலையில் விரலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"மேடம், கடிச்சிட்டா."

"யாரு?"

"ரோஸ்லின்தான். உப்பே இல்லையாம். நீயே குடின்னு கிண்ணத்தைத் தள்ளிவிட்டுட்டா. அவங்க அம்மா சிரிக்கிறாங்களா அழறாங்களான்னே தெரியல."

கமருன்னிசா அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் பதிஞ்சிருக்கு" என்றார். "ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க."

மத்தியானம் ஸ்கேன் வந்தது. கட்டிகள் பாதிக்குமேல் சுருங்கியிருந்தன.

காட்டலாமென்று கமருன்னிசா தனபாலனைத் தேடினார்.

அவர் உப்பு வாங்கப் போயிருந்தார்.