ரெண்டரை மரம்

ஒரு ஊர்ல ஒரு கட்டுமரம் இருந்துச்சு. எத்தனை மரம் சேர்த்துக் கட்டினதுன்னா, அஞ்சு மரம். அஞ்சு விரலையும் விரிச்சு வெச்சுக்கோ, பின்னால கேட்பேன்.

ம்.

கடலூருக்குத் தெக்கால, மீன் பிடிக்கிறவங்க குப்பம் ஒண்ணு. ஒரு நாள் காலையில அந்தக் கரையில நின்னவங்க யார் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். கட்டுமரக்காரன் சடையன். அவன் பொண்டாட்டி தையல்நாயகி, தையலுன்னுதான் கூப்பிடுவாங்க. சடையனோட அம்மா எல்லம்மா. சடையன்கூட அதே மரத்துல துடுப்பு போடுற கன்னியப்பன். அவன் பொண்டாட்டி பச்சையம்மா, நிறைமாசம். அப்புறம் பிரெஞ்சு சிப்பாய் ஒருத்தன். அவன் பேசுறதைத் தமிழ்ல எடுத்துச் சொல்ல ஒரு துபாசி. மொத்தம் ஏழு பேர். வயித்துக்குள்ள இருந்ததை நான் எண்ணலை.

துபாசி சொன்னாரு, "கப்பல்ல ஆள் பத்தலை. நீங்க ரெண்டு பேரும் வாங்க."

"எதுக்கு?"

"சண்டைக்கு."

"யாரோட யாருக்குச் சண்டை?"

அது ஒரு பெரிய கதை. கடலுக்கு அந்தப் பக்கம், அதுக்கும் அந்தப் பக்கம், அமெரிக்கான்னு ஒரு தேசம். அதை இங்கிலீஷ் ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தாரு. அந்த ஊர்க்காரங்க, 'நாங்க கண்ணால பார்க்காத ராஜாவுக்கு எதுக்கு வரி கட்டணும், எங்க ஊரை நாங்களே பார்த்துக்கறோம்'னு சொல்லிட்டாங்க. ராஜா விடுவாரா? துப்பாக்கியைத் தூக்கிட்டு வந்துட்டாரு. அப்போ பிரெஞ்சு ராஜா அமெரிக்காக்காரங்க பக்கம் சேர்ந்துக்கிட்டாரு. அப்புறம் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் எங்கெங்க எதிர்ல பட்டாங்களோ அங்கெல்லாம் அடிச்சுக்கிட்டாங்க. நம்ம கடலூர்ல கோட்டைக்குள்ள பிரெஞ்சுக்காரங்க, வெளியில இங்கிலீஷ்காரங்க. குப்பம் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு.

ம்.

சடையன் போகும்போது தையலுகிட்ட சொன்னான், "கப்பல் கரைக்கு வராது. மூணு அலைக்கும் அந்தாண்ட, தூரத்துலதான் நிக்கும். சண்டை முடிஞ்சதும் நீ மரத்தைக் கொண்டாந்து என்னைக் கூட்டிட்டுப் போகணும்."

"நானா? எனக்கு மரம் தள்ளத் தெரியுமா?"

"வாய் தள்ளத் தெரியுதுல்ல, அதைவிட இது சுளுவு. முதல் அலைக்குக் குனி. ரெண்டாவது அலைக்குப் படுத்துக்கோ. மூணாவது அலை வந்தா மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கோ, கண்ணை மட்டும் மூடாதே."

"போய்யா."

"மரத்தைக் காயவை தையலு. ஈரத்தோட கிடந்தா கனத்துப்போகும்."

அவ்வளவுதான் பேசினாங்க. ரெண்டு ஆம்பளைங்களும் போயிட்டாங்க.

நீந்தி வந்துடலாமேன்னு கேக்குறியா? வரலாம். ஆனா கப்பல்ல இருந்து கொட்டுற மிச்சம் மீதிக்காக சுறா சுத்திக்கிட்டே இருக்கும். மரம் வேணும்.

அப்புறம் தையலு கயித்தை அவிழ்த்து அஞ்சு மரத்தையும் மணல்ல வரிசையாப் போட்டா. காலையில ஒரு பக்கம் காயும். சாயங்காலம் புரட்டிப் போடுவா. மரத்துல அவன் உக்கார்ற இடம் வழவழன்னு தேஞ்சிருக்கும். அங்க கையை வெச்சுக்கிட்டுக் கடலைப் பார்ப்பா. தூரத்துல கப்பல் பாய் ஒண்ணு நகம் மாதிரி வெள்ளையாத் தெரியும்.

டமார். டும். டமார். சண்டை வந்துடுச்சு. குப்பத்துல பாதிப் பேர் சட்டி பானையோட ஓடிட்டாங்க. தையலு மரத்தை விட்டுப் போகலை.

அப்போ கோட்டையில இருந்து துபாசி வந்தாரு, கூட நாலு ஆள். "வேலி அடைக்க மரம் வேணும். ராஜா காரியம்."

"எந்த ராஜா?"

"பிரெஞ்சு ராஜா."

"அவர் கப்பலுக்குத்தானே என் புருஷனைக் கொடுத்திருக்கேன். மரமும் கேட்டா அவரை எதுல கூட்டிட்டு வர்றது?"

துபாசி நல்லவருதான், ஆனா சம்பளக்காரர். ஒண்ணு மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அஞ்சுல ஒண்ணு போனா?

நாலு.

அப்புறம் இந்தப் பக்கத்துல இருந்து இங்கிலீஷ் கம்பெனிச் சிப்பாய்ங்க வந்தாங்க. அவங்களும் நம்ம ஆளுங்கதான், வேலூர்ப் பக்கம். "சோறு பொங்க விறகு இல்லக்கா. ராஜா காரியம்."

"எந்த ராஜா?"

"இங்கிலீஷ் ராஜா."

"அவரையும் நான் பார்த்ததில்லையே தம்பி."

"நாங்க மட்டும் பார்த்தோமா?" அப்படின்னு சிரிச்சுக்கிட்டே ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

மூணு.

மூணு. அப்போ தையலு என்ன செஞ்சா தெரியுமா, சரசரன்னு மணலைத் தோண்டி மூணு மரத்தையும் புதைச்சுட்டா. மேல வலையைப் பரப்பிட்டா. மூணு மரம் இருந்தா கட்டி ஓட்டிடலாம். ரெண்டு மரம்னா உருண்டுடும், ஆள் தண்ணிக்குள்ள போயிடுவாங்க. அதனால மூணுதான் அவளோட கணக்கு. யார்கிட்டேயும் சொல்லலை, மாமியார்கிட்டேகூட.

ம்.

அப்புறம் ஒரு மத்தியானம் மழை. ஆனி மாசத்துல அப்படி ஒரு மழை, சடசடன்னு கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொட்டுச்சு. அப்போதான் பச்சையம்மாவுக்கு இடுப்பு வலி வந்துச்சு. எல்லம்மாதான் மருத்துவச்சி. பிள்ளை வரலை. பச்சையம்மா உடம்பு சில்லிட்டுப் போச்சு, பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்குது.

"வெந்நீர் வேணும்டி தையலு. நெருப்பு வேணும். ஒரு குச்சி இருந்தாக் கொண்டா."

குச்சி எங்க இருக்கு? மட்டை, ஓலை, வேலிக்கம்பு எல்லாத்தையும் ரெண்டு ராஜாவும் தின்னு தீர்த்துட்டாங்க. வாசல்ல நின்னு பார்க்கிறா, எல்லாம் ஈரம். இந்தத் தடவை யாரும் மிரட்டலை. யாரும் மரத்தைக் கேட்கவும் இல்லை. மணலுக்குள்ள காஞ்ச மரம் இருக்குன்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தையலு கடலைப் பார்த்தா. உள்ள பச்சையம்மா, "அக்கா"ன்னு மெதுவாக் கூப்பிட்டா. அவ்வளவுதான்.

மணலைத் தோண்டி ஒரு மரத்தை இழுத்து வந்தா. மேலாக நனைஞ்சிருந்துச்சு, உள்ளே சுக்கா இருந்துச்சு. மீன் வெட்டுற கத்தியால படக், படக்குன்னு பொளந்தா. எல்லம்மா பார்த்துட்டா. அவளுக்கு மரம் தெரியாதா? மகன் உக்கார்ந்த மரம். அப்படியும் அடுப்பை மூட்டினா.

நெருப்பு திகுதிகுன்னு புடிச்சுது. வெந்நீர் கொதகொதன்னுச்சு. பச்சையம்மாவுக்குச் சூடு ஏறிச்சு. அப்புறம், குவா குவா. ஆம்பளைப் பிள்ளை.

ரெண்டு.

ஆமாம் கண்ணு, மிச்சம் ரெண்டு. நீ சரியாத்தான் எண்ணுறே.

அப்புறம் வெள்ளைக் கொடி கட்டின கப்பல் ஒண்ணு வந்துச்சு. பீரங்கி எல்லாம் நின்னுபோச்சு. காதுக்குள்ள ஙொய்னு ஒரு சத்தம் மட்டும் கேட்டுச்சு. சண்டை முடிஞ்சுதாம்.

தையலு நேரா கோட்டைக்குப் போனா. துபாசி முன்னால நின்னா.

"சண்டை முடிஞ்சுதாமே. என் மரத்தைக் கொடுங்க."

"இங்க ஆயிரம் மரம் நட்டிருக்கு. உன் பேரா எழுதியிருக்கு?"

"கயிறு இழுத்த தடம் இருக்கு."

வேலி ஓரமாவே தடவிக்கிட்டு நடந்தா. கண்டுபிடிச்சுட்டா. ஆனா பாதிதான் இருந்துச்சு. ரெண்டா அறுத்து நட்டிருந்தாங்க. மீதிப் பாதி குண்டு பட்டுச் சிதறிப்போச்சு.

துபாசிக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. "என்னம்மா செய்யறது. தை மாசமே அங்க ராஜாக்கள் சமாதானம் பேசி முடிச்சுட்டாங்க. சேதி கப்பல் ஏறி வர ஆனி ஆயிடுச்சு."

"தையிலயே முடிஞ்சுபோச்சா? அப்போ ஆனியில என் மரத்தை எதுக்கு அறுத்தீங்க?"

துபாசி அரை மரத்தைத் தானே பிடுங்கி அவ தோள்ல ஏத்திவிட்டாரு.

இங்கிலீஷ்காரங்க எடுத்த மரம்? அது அன்னைக்கே சோறாயிடுச்சு.

அப்போ எத்தனை?

ரெண்டரை.

ரெண்டரை மரத்துல கட்டுமரம் யாரும் கட்டினதில்லை. தையலு கட்டினா. ரெண்டு முழு மரம் பக்கத்துக்கு ஒண்ணு, நடுவுல பின்பக்கம் அந்த அரை மரம். எல்லம்மா ஒவ்வொரு முடிச்சா இழுத்துப் பார்த்தா.

"பொம்பளை மரம் ஏறினாக் கடலம்மா கோச்சுக்குவாடி."

"அவளும் பொம்பளைதானே அத்தை. புரிஞ்சுக்குவா."

"அப்போ அந்த முடிச்சை இன்னும் இறுக்கு."

அப்புறம் தள்ளினா. முதல் அலை வந்துச்சு, சளார். குனிஞ்சுட்டா. ரெண்டாவது அலை வந்துச்சு, மடமடமடன்னு. படுத்துட்டா. மூணாவது அலை பனைமர உசரம். மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. கண்ணை மூடலை. உப்புத்தண்ணி கண்ணுக்குள்ள எரியுது, அப்பவும் மூடலை. தொபீர்னு அந்தாண்ட விழுந்தா.

ம்.

அப்புறம் கடல் தட்டு மாதிரி இருந்துச்சு. துடுப்பு போட்டுப் போட்டுக் கப்பல்கிட்டப் போயிட்டா. எவ்வளவு பெரிய கப்பல். மேல இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்துச்சு. கன்னியப்பன்.

"அண்ணி?"

"அவரு எங்க?"

கன்னியப்பன் கயித்தைப் பிடிச்சு இறங்கி வந்து அரை மரத்து மேல உக்கார்ந்தான். அது சடையனுக்காக விட்ட இடம்.

"அண்ணன் வேலை சுத்தமாச் செய்யறாருன்னு இதைவிடப் பெரிய கப்பலுக்கு மாத்திட்டாங்க அண்ணி. இந்தச் சேதி வர்றதுக்கு முந்தின நாளே அது பாய் விரிச்சுப் போயிடுச்சு."

"எந்தப் பக்கம்?"

"கிழக்கால."

தையலு கிழக்கே பார்த்தா. தண்ணியும் வானமும்தான் இருந்துச்சு.

"ஏதாவது சொன்னாரா?"

"மரத்தைக் காயவைக்கச் சொன்னாரு."

அவ துடுப்பை எடுத்தா. "உனக்குப் பையன் பொறந்திருக்கான். அசையாம உக்காரு, இது உருளும்."

கரையில பச்சையம்மா பிள்ளையோட நின்னா. கன்னியப்பன் பிள்ளையை வாங்கி மோந்து பார்த்தான். எந்த மரத்துல வெந்நீர் காய்ச்சினாங்கன்னு எல்லம்மா சொன்னா. அவன் அப்படியே வந்து தையலு பக்கத்துல உக்கார்ந்தான். அவ கயித்தை அவிழ்த்து மரத்தையெல்லாம் மணல்ல வரிசையாப் போட்டுக்கிட்டு இருந்தா.

"அண்ணி, ரெண்டரை குறையுதே."

"ரெண்டரை இருக்கு," அப்படின்னா தையலு.

அமெரிக்காக்காரங்க ஜெயிச்சாங்களான்னா, ஜெயிச்சாங்க. அவங்க ஊரு அவங்களுக்கே வந்துடுச்சு. அங்கேயும் எவளாவது ஒருத்தி கதவைச் சாத்தாம உக்கார்ந்திருப்பா. தையலுக்கு அவ பேரு தெரியாது, அவளுக்கு தையலு பேரு தெரியாது.

சடையன் வந்தானான்னு கேட்காதே. எனக்குச் சொன்னவங்க அங்கதான் நிறுத்தினாங்க, இல்லாததை நான் சேர்க்க மாட்டேன். காலையில ஒரு பக்கம் காஞ்சுது, சாயங்காலம் புரட்டிப் போட்டா. அந்தப் பையன் நடக்க ஆரம்பிச்சதும் அவனும் ஒரு பக்கம் புடிச்சுப் புரட்டினான். அதுவரைக்கும் எனக்கு நல்லாத் தெரியும்.

கண்ணு? தூங்கிட்டியா?

ம்.

கதை கரையேறிடுச்சு, மரம் காயுது, நீ தூங்கு. மிச்சம் ரெண்டரை.