ஜவுளிக்கடையில் சிக்னல் அளந்தது

ஆவுடையப்பனுக்கு மேலிடத்தில் சொன்னால் சொன்னதுதான். நட என்றால் நடப்பான். நிற்கச் சொல்ல மறந்துவிட்டால் நடந்துகொண்டே இருப்பான். அவனுக்குக் கீழே வேலை பார்த்த ஞானராசும் தவசியும் அவனைவிடப் பணிவானவர்கள். அதனாலேயே இன்டர்நெட் கம்பெனி அவர்களை ரோட்டோரம் கேபிளுக்குக் குழி தோண்ட மட்டும் வைத்திருந்தது. தோண்டச் சொன்ன இடத்தில் தோண்டுவார்கள். போதும் என்று யாராவது வந்து சொல்கிறவரை தோண்டுவார்கள்.

அந்த ஆடியில் வைஃபை அளக்கிற ஆட்கள் இரண்டு பேருமே காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். தென்காசியில் பொன்னுராசு அண்ணாச்சியின் மூன்று மாடி ஜவுளிக்கடையில் தள்ளுபடி விற்பனை தொடங்கப்போகிறது. இந்த வருஷம் பில் போடுவதெல்லாம் கைக்குள் அடங்கும் மிஷினில். மிஷினுக்கு வைஃபை வேண்டும். வைஃபை பெட்டியை எங்கே மாட்டினால் கடை முழுக்க எட்டும் என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். வேறு வழியில்லாமல் மதுரையிலிருந்த இன்ஜினியர் திலகவதி மேடம் இவர்கள் மூவரையும் அனுப்பினார். இதைச் சரியாகச் செய்தால் இனிமேல் குழி வேலை கிடையாது என்றும் சொன்னார்.

ஆவுடையப்பன் கை காய்த்துப்போனவன். நான் இப்போ சர்வேயர் என்று வீட்டில் சொன்னான். மனைவி தெருவில் சொன்னாள். கிளம்புவதற்குள் இரண்டு பேர் வந்து, வரப்புத் தகராறு இருக்கிறது, கொஞ்சம் அளந்து கொடு என்று கேட்டுவிட்டார்கள். ஆகவே இதில் தோற்க அவனுக்கு வழியே இல்லை.

கருவிகள் இவ்வளவுதான். நெட்டையாக ஒரு கம்பம். அதன் உச்சியில் கட்டிய வைஃபை பெட்டி, அதற்கு ஒரு கரண்டு ஒயர். அப்புறம் சிக்னல் அளக்க, சிலேட்டு மாதிரித் திரையோடு ஒரு டேப். ஒருவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்னொருவன் டேப்போடு கடை முழுக்க நடக்க வேண்டும். சிக்னல் நன்றாக இருக்கும் இடம் டேப்பில் பச்சையாகத் தெரியும். மோசமான இடம் சிவப்பு.

கம்பத்தைத் தவசியிடம் கொடுத்து, கீழ்த்தளத்தில் அசையாமல் நிற்கச் சொன்னார்கள். தவசி நின்றான். சற்று நேரத்தில் ஒரு பெரியவர் அவன் சட்டைக் காலரைத் திருப்பி விலை பார்த்தார். துணியைக் கசக்கிப் பார்த்துவிட்டு, இதே கலரில் முழுக்கை இருக்கிறதா என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டார். தவசி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அவள் உள்ளே போய்த் தேடினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது, சுவரைத் தாண்டிப் பாருங்கள் என்று மேடம் போனில் சொன்னார். ஞானராசு ஏணி கேட்டான். பக்கத்திலேயே வாசல் திறந்து கிடப்பதைக் கடைப்பையன்கள் காட்டினார்கள். மேடம் வாசலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று ஞானராசு பணிவாகச் சொல்லிவிட்டு, தடுப்புச் சுவரில் ஏறிக் குதித்தான். துண்டு அடுக்கின்மேல் விழுந்து, அங்கிருந்தே பச்சை என்று குரல் கொடுத்தான்.

முதல் மாடிப் பட்டுப் பிரிவில் டேப் சிவப்பாகக் காட்டியது. ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தான். நாலு பக்கமும் கூறைப்புடவை. அத்தனையும் சிவப்பு.

"எப்படிலே இவ்வளவு சரியாச் சொல்லுது" என்றான், டேப்பைத் தடவியபடி.

சிவப்பையெல்லாம் இறக்கிவிட்டுப் பச்சைப் புடவைகளை அடுக்கச் செய்தார்கள். மறுபடி அளந்தார்கள். டேப் மறுபடி சிவப்பு. இன்னும் எங்கேயோ சிவப்பு ஒளிந்திருக்கிறது என்று முடிவாயிற்று. தீயணைக்கும் வாளி வெளியே போனது. சூப்பர்வைசர் நெற்றிக் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டார். வெற்றிலை போட்டிருந்த ஒரு அம்மாளை வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொன்னார்கள்.

பில் மேஜைக்குப் பின்னால் சிக்னல் செத்துக் கிடக்கும், கவனமாகப் பாருங்கள் என்று மேடம் மறுபடி போன் செய்தார். பார்த்தார்கள். கிடந்தது. மூவரில் இருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். குளித்துவிட்டுத்தான் மேலே வேலை பார்க்க வேண்டுமா என்று ஞானராசு கேட்டான். நமக்கு உறவில்லை, கால் கழுவினால் போதும் என்றான் ஆவுடையப்பன்.

பிறகு தவசியைக் கம்பத்தோடு முதல் மாடிக்கு ஏற்றினார்கள். உடனே பட்டுப் பிரிவு பச்சையாகிவிட்டது. இரண்டாம் மாடிக்கு ஏற்றினார்கள், அங்கே பச்சை. கீழே இறக்கினார்கள், கீழே பச்சை. நடு மாடியில் நிறுத்தினார்கள், மேலும் கீழும் பச்சை. ஆவுடையப்பன் ஞானராசைத் தனியே கூப்பிட்டான்.

"ஏலே, இவன் போற எடமெல்லாம் பச்சையா இருக்கு. கவனிச்சியா?"

"கம்பத்தால இருக்குமோ அண்ணே?"

"கம்பம் நம்ம ஆபீஸ் மூலையில வருஷக்கணக்காக் கெடக்கு. ஒரு நாளாவது சிக்னல் வந்துதா?"

"தவசியும் ஆபீஸ்லதான அண்ணே கெடந்தான்?"

ஆவுடையப்பன் தவசியை ஏற இறங்கப் பார்த்தான். "அங்க உக்காந்திருந்தான். இங்க நிக்கான்."

ஆவுடையப்பன் மேடத்தை அழைத்து, நடு மாடியில் தவசி நின்றால் மேலும் கீழும் எல்லாம் பச்சை என்றான். மேடத்துக்கும் சந்தோஷம். குழி தோண்டியவர்கள் இவ்வளவு செய்வார்கள் என்று அவர் நினைக்கவில்லை.

"ரொம்ப நல்லது. தவசி நின்ன இடத்துலயே பிக்ஸ் பண்ணிட்டு வந்துருங்க" என்றார்.

பிக்ஸ் பண்ணினார்கள். நடு மாடித் தூணில் தவசியைக் கம்பத்தோடு சாய்த்து, இடுப்பில் ஒரு பெல்ட், காலுக்குக் கீழே மெத்தென்று ஒரு ஜமக்காளம். தவசிக்கும் குறையில்லை. குழிக்குள் நிற்பதைவிட ஃபேனுக்குக் கீழே நிற்பது சுகம்தான் என்றான். பொன்னுராசு அண்ணாச்சி மிஷினைத் தட்டிப் பார்த்தார். மூன்று மாடியிலும் பில் பாய்ந்து வந்தது. மற்ற கடைகளில் பெட்டியைத்தான் மாட்டியிருக்கிறார்கள், நமக்கு ஆளையே கொடுத்துவிட்டார்கள் என்று அவருக்குப் பெருமை. காலையில் இட்லியும் மத்தியானம் சாம்பார் சாதமும் மேலே அனுப்பினார். தள்ளுபடி விற்பனை அமோகமாக நடந்தது.

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் தவசிக்குக் கொழுந்தியாள் கல்யாணம் வந்தது. அண்ணாச்சி பதறிப்போய் ஆவுடையப்பனுக்குப் போன் செய்தார். அவன் போனால் கடை படுத்துவிடும், மாற்று ஆள் யாராவது உண்டா என்று கேட்டார்.

ஆவுடையப்பன் பொறுப்பான சர்வேயர். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல மாட்டான்.

"தவசிக்கு ஒரு தம்பி இருக்கான் அண்ணாச்சி, அனுப்புதேன். ஆனா ஆள் கொஞ்சம் குட்டை. ரெண்டு மாடிக்குத்தான் எட்டுவான்."