எட்டாவது நோட்டு

பேராசிரியை ஞானசௌந்தரிக்கு வரும் ஏப்ரலில் ஓய்வு. நிலவேம்பு இலையில் கசப்புச் சத்து நூற்றுக்கு 3.2 பங்கு என்று முப்பது வருடத்துக்கு முன் கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவர். அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்கிறவர் யாராயிருந்தாலும், முதலில் அதே சோதனையைத் திரும்பச் செய்து நோட்டில் எழுதித் தரவேண்டும்.

எட்டாவதாகச் சேர்ந்தவர் தாணுமூர்த்தி. மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் வாத்தியார். ஐம்பத்துநாலு வயதில் டாக்டர் பட்டத்துக்கு ஆசை. மாணவர்தான், ஆனாலும் வாத்தியார் இல்லையா? அம்மையார் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு சனிக்கிழமை தாணுமூர்த்தி தன் நோட்டைக் கொடுத்தார். 3.2. அம்மையார் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

அதோடு கிளம்பியிருக்கலாம். மனுஷனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“மேடம், ஒண்ணு கேட்கலாமா? நீங்க ஏன் லேப் பக்கமே வர்றதில்ல?”

அம்மையார் பீரோவைத் திறந்து, முன்பு சேர்ந்த ஏழு பேரின் நோட்டுகளை எடுத்து மேசையில் போட்டார். அவற்றின்மேல் தன்னுடைய பழைய நோட்டையும் வைத்தார்.

“படிங்க சார்.”

ஏழு பேர் நோட்டிலும் 3.2. அம்மையார் நோட்டில் ஆறு வருடத்துக்கு முந்திய தேதிகள். 1.9. அடுத்த நாளும் 1.9. மறுவாரமும் 1.9.

“புள்ளைங்க அத்தனை பேருக்கும் சரியா வந்துது. எனக்கு மட்டும் வரல. கை போயிருச்சுன்னு புரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கே லேப் கோட்டைக் கழற்றி ஆணியில மாட்டிட்டேன்.”

உண்மையைச் சொன்னால் தாணுமூர்த்திக்குப் பட்டம் போச்சு. சொல்லாவிட்டால் இந்த அம்மா கை போனவராகவே வீட்டுக்குப் போவார்.

சட்டைப் பையிலிருந்து நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“எனக்கும் 1.9 தான் மேடம். அஞ்சு தடவையும்.”

“நோட்டுல வேற இருக்கே?”

“உங்க கட்டுரையில 3.2 இருக்கு. எனக்குத்தான் செய்யத் தெரியலைன்னு நினைச்சு...”

அம்மையார் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க கிளாஸ்ல ஒருத்தன் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதினா என்ன பண்ணுவீங்க?”

“பெஞ்சு மேல ஏத்துவேன்.”

“ஏறுங்க.”

பாவம், நிஜமாகவே ஸ்டூலில் ஒரு காலை வைத்துவிட்டார். அம்மையாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

“இறங்குங்க சார், விழுந்து வைக்காதீங்க. உங்க பட்டம் எங்கேயும் போகாது. இந்தத் தாளை நோட்டுல ஒட்டுங்க. அந்த ஏழு பேரையும் போன்ல பிடிச்சு நான் கேட்டுக்கறேன். இன்னொரு தடவை ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சு பார்த்துட்டு, கட்டுரை வந்த பத்திரிகைக்குத் திருத்தம் எழுதிருவோம்.”

“முப்பது வருஷப் பேரு மேடம். கெட்டுப்போயிருமே?”

அம்மையார் ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டிருந்தார்.

“அது கிடக்கு, விடுங்க. என் கை நல்லாத்தான் சார் இருந்திருக்கு!”