கோசலையும் கேழ்வரகுக் களியும்

நல்லாப் போத்திக்கிட்டியா? சரி. ஒரு ஊர்ல, மேகம் வந்து கூரை மேல உக்காந்துட்டுப் போற ஒரு மலையூர்ல, கோசலைன்னு ஒரு புதுப்பொண்ணு வாக்கப்பட்டு வந்தா. அவ பொறந்தது கீழ, வாய்க்காலும் வயலுமா இருக்கிற ஊரு. அங்க மூணு வேளையும் நெல்லுச்சோறு. மலையிலயோ கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் கொழம்பு. ம் சொல்லு.

புருஷன் சடையனையும் அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு, மலையையும் பிடிச்சிருந்துச்சு. களியும் ருசியாத்தான் இருந்துச்சு! வந்த அன்னைக்கே பெரிய உருண்டையைக் கொழம்புல முக்கி லபக் லபக்குன்னு முழுங்கிட்டா. அப்புறம் என்ன? வயிறு கடமுடா கடமுடான்னு உருளுது. மத்தளமா உப்பிடுச்சு.

அப்புறம், கூடக் கொண்டுவந்த அரிசியைப் பொங்கித் தின்னா. வயிறு கம்முனு இருந்துச்சு. அரிசி தீந்ததும் மறுபடி ஒரு முழு உருண்டை. அப்போ வீட்டு சனமெல்லாம் சுத்தி உக்காந்திருக்கு... டர்ர்ர்ர்! சிரிக்காத, தூக்கம் போயிடும். அவங்களும் சிரிச்சாங்க, கோசலையும் சிரிச்சா. ஆனா வலி தாங்கல.

பொண்ணு மெலிஞ்சுக்கிட்டே போனா. சடையன், "கீழயே போயிடலாம் கோசல. கூலி வேலை பாத்துக்கிறேன்"னான். மலையை விட்டா அவன் வாடிப்போயிடுவான்னு அவளுக்குத் தெரியும். "இருங்க மாமா, பாப்போம்"னா. சொல்லிட்டாளே தவிர, என்ன செய்யறதுன்னு தெரியல.

அப்போ சடையன் சந்தையில ஒரு மாடு வாங்கியாந்தான். கீழ வைக்கோல் தின்னு வளந்த மாடு. அவன் வைக்கோலுக்குள்ள ஒரே ஒரு பிடி மலைப்புல்லு கலந்து போட்டான். மறுநாள் இன்னும் கொஞ்சம்.

"ஏன் இப்படி?"ன்னா கோசலை.

"திடீர்னு மாத்தினா வயிறு ஊதிக்கும். பழகணும்ல?"

கோசலை இடுப்புல கை வச்சா. "மாட்டுக்குப் பாத்த பக்குவத்தைப் பொண்டாட்டிக்குப் பாக்கத் தோணலையா உங்களுக்கு?"

சடையன் திருதிருன்னு முழிச்சான். அப்புறம் ரெண்டு பேரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க பாரு, மாடே மிரண்டுடுச்சு!

ம்? முழிச்சிருக்கியா? நம்ம வயித்துக்குள்ள கண்ணுக்கே தெரியாத குட்டிக்குட்டி உசுருங்க இருக்கு. நாம தின்னுறதைத்தான் அதுங்களும் தின்னும். கோசலை வயித்துல இருந்ததுங்க சோத்துக்குப் பழகினதுங்க. களியைக் கொஞ்சங்கொஞ்சமா அனுப்பினா, களி பிடிச்ச உசுருங்க பெருகும்.

அதனால, சடையன் சந்தையில கொஞ்சம் அரிசி வாங்கியாந்தான். கோசலை அந்தச் சோத்தோட நெல்லிக்கா அளவு களி தின்னா. அப்புறம் எலுமிச்சை அளவு. நடுவுல வயிறு கடமுடான்னா கொஞ்சம் கொறச்சுக்கிட்டா. அப்புறம் ஒருநாள் தேங்கா அளவு உருண்டை! ஏவ்வ்வ்னு ஒரு ஏப்பம். அவ்வளவுதான், வயிறு சத்தமே போடல.

அப்போ பாத்து, மக மெலிஞ்சுட்டான்னு கேள்விப்பட்டு, கூட்டிட்டுப் போக அவ அப்பா மூச்சு வாங்க மலையேறி வந்தாரு. பாத்தா, மக கன்னம் ரெண்டும் பூரிச்சு கதிர் அறுத்துக்கிட்டு நிக்கிறா!

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்."

"எங்க போறது? அறுப்பு கெடக்குப்பா. மொதல்ல சாப்பிடுங்க."

அவ வீட்டுக்குள்ள வந்ததும், அவரு பசியில பெரிய உருண்டையா பாத்துக் கை நீட்டினாரு. கோசலை வெடுக்குனு அதை எடுத்துட்டு, சோறு போட்டு, ஓரத்துல நெல்லிக்கா அளவு களி வச்சா. "இன்னைக்கு உங்களுக்கு இவ்வளவுதான்."

அவரு களியைப் பாத்தாரு, மகளைப் பாத்தாரு. "அப்போ முழு உருண்டை திங்கிற வரைக்கும் நான் இங்கயே தங்கணும் போலிருக்கே!"ன்னு சொல்லிச் சம்மணம் போட்டு நல்லா உக்காந்துட்டாரு.

கதை செரிச்சாச்சு. கண்ணை மூடு, தூங்கு.