கரையில் நடந்த நான்காம் நிலைத் தேர்வு

காட்டுக் குளத்தின் கரையை ஆமைகள் பராமரித்தன. கசிவு கண்டால் களிமண் வைத்து மிதித்து அடைக்கும். கரைக்கு அந்தப் பக்கம் பெரும்பள்ளம். கரை உடைந்தால் குளத்தில் சொட்டுத் தண்ணீர் நிற்காது.

ஒருநாள் தலைமை ஆமை அறிவித்தது. "கசிவைக் கண்டுபிடித்தால் முதல் நிலை. அடைத்தால் இரண்டாம் நிலை. பாயும் தண்ணீரில் தனியாக அடைத்தால் மூன்றாம் நிலை. தேறியவர் ஓட்டில் நிலைக்கு ஒரு கீறல்!"

"தலைவரே, தேர்வு வைக்கக் கசிவே இல்லையே!" என்றது ஓர் ஆமை.

"உண்டாக்குவோம்! நண்டைக் கூப்பிடு."

கரையில் வளை தோண்டியதற்காக விரட்டப்பட்ட நண்டு அது. "என்னையா? கேலி பண்ணாதீங்க!" என்றது.

"ஆளுக்கொரு வளை போடு. மூன்றாம் நிலைக்கு ஆழமாக!"

கெண்டை மீன் பதறிப்போனது. அதன் குஞ்சுகள் கரையோரப் பாசியில்தான் இருந்தன. "இந்தக் கரையிலேயேவா? வேறெங்காவது மண்திட்டு கட்டி அதில் வையுங்களேன்!"

"பொம்மைக் கரையில் தேறியவனை நம்பிக் குஞ்சுகளை விடுவாயா, அம்மா?"

கெண்டை பாசிக்குள் குஞ்சுகளிடம் திரும்பிப் போனது.

தேர்வு நடந்தது. ஆமைகள் நன்றாகவே அடைத்தன. தவறியவை புது வளை கேட்டு மறுபடி வந்தன. வைத்த மண் காய ஒரு கோடை வேண்டும். அதுவரை யார் காத்திருப்பது? எல்லா ஓடுகளிலும் மூன்று கீறல்கள் ஏறிவிட்டன.

"எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்றது தலைமை ஆமை. "எனக்கு நான்காம் நிலை. நண்டே, கரையைத் தாங்கும் அடிக்கரையில் போடு!"

"அடிக்கரையிலா? நானே அங்கே கை வைத்ததில்லையே!"

"போடு என்றால் போடு!"

நண்டு போட்டது. தலைமை ஆமை அடைத்தது. எல்லா ஆமைகளும் ஆரவாரம் செய்தன. நான்காம் கீறலைப் போட்டு முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது.

"இங்கே கசிகிறது!" "இங்கேயும்!" ஆமைகள் தாங்கள் அடைத்த இடங்களுக்கு ஓடின. ஈர மண் கொழகொழவென்று வெளியே வந்தது. முதலில் பிளந்தது அடிக்கரை.

மழை விட்டபோது குளம் இல்லை. சேறு இருந்தது. ஆமைகள் வாயில் களிமண்ணோடு அசையாமல் நின்றன. ஒரு குழியில் தேங்கிய நீரில் கெண்டை மட்டும் வாயைத் திறந்து மூடியது.

"என் குஞ்சுகள் எங்கே?"

தலைமை ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. வெளியே நான்கு கீறல்கள் தெரிந்தன.

திறமையைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் பிற உயிர்களைத் தாங்கி நிற்பதை உடைத்துப் பார்த்துச் சோதிக்கக் கூடாது.